சிப்பாய்ப் பொம்மைக்கு வண்ணம் பூசுவது எப்படி?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



விழாக் குழுவிலிருந்து போன் செய்து, "உன் துறையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசு" என்றார்கள். "வேண்டாம்ப்பா, ஆலையைப் பற்றிப் பேசினால் பாதிப் பேர் சாப்பாட்டுக்கு எழுந்து போய்விடுவார்கள். பொம்மைக்கு வண்ணம் பூசுவதைப் பற்றிப் பேசுகிறேன்" என்றேன். மறுமுனையில் சத்தமே இல்லை. அப்புறம், "குழந்தைகள் நிகழ்ச்சியில போட்டுடட்டுமா?" என்று கேட்டார்கள்.

பொம்மைதான், மறுக்கவில்லை. ஆனால் உயரம் 28 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூட. முகம் ஒரு மிளகளவு. அந்த மிளகில் இரண்டு கண், ஒரு மூக்கு!

இவை மேசைமேல் ஆடும் போர் விளையாட்டுக்கான சிப்பாய்கள். எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ் 1913-லேயே பொம்மைச் சிப்பாய்களை வைத்துச் சண்டை போட விதிகள் எழுதிப் புத்தகமாகவே போட்டார். 1975-இல் லண்டனில் தொடங்கிய கேம்ஸ் வொர்க்‌ஷாப் என்ற நிறுவனம் 1983-இல் வார்ஹாமர் என்ற ஆட்டத்தையும், 1987-இல் அதன் விண்வெளி வடிவமான வார்ஹாமர் 40,000-ஐயும் கொண்டுவந்தது. இன்று அதன் தலைமையகம் நாட்டிங்காமில். சிப்பாய்கள் சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கில், கை வேறு கால் வேறாகச் சட்டத்தில் ஒட்டியபடி வரும். வெட்டி, ஒட்டி, வண்ணம் பூசுவது வாங்கியவர் பாடு.

இதற்குள் நான் எப்படி வந்தேன் என்று சொல்ல வேண்டும். 2018-இல் டெர்பி பக்கம் ஒரு ஆலையில் வேலை. ஒருநாள் அவசரத்தில் கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு தகட்டை இழுத்தேன். யாரையும் குறை சொல்ல முடியாது, என் தப்புதான். வலது ஆள்காட்டி விரலின் தசைநாண் அறுந்துவிட்டது. அறுவைச் சிகிச்சை ஆயிற்று, கட்டும் பிரித்தார்கள். விரல் மட்டும் மடங்க மாட்டேன் என்றது. சட்டைப் பொத்தானை மனைவிதான் போட்டுவிட்டாள். கையெழுத்துப் போட்டால் வேறு யாரோ போட்டது மாதிரி இருந்தது. முப்பது வயதில் ஒரு இன்ஜினீயருக்குத் தன் கைமேலேயே நம்பிக்கை போனால் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"தினமும் அரைமணி நேரம், சின்னப் பொருளைப் பிடித்துச் செய்கிற வேலை ஏதாவது செய்யுங்கள்" என்றார் பிசியோதெரபிஸ்ட். கூட வேலை பார்த்த ஒரு பெரியவர், ஆங்கிலேயர், சனிக்கிழமை என்னைக் காரில் ஏற்றி நாட்டிங்காம் கூட்டிப் போனார். பத்துச் சிப்பாய்கள் கொண்ட ஒரு பெட்டி, சில வண்ணக் குப்பிகள், இரண்டு தூரிகை. கூடவே, ஒரு துண்டுச் சீட்டில் செய்முறை எழுதிக் கொடுத்தார்.

நீல நிறக் கவசத்துக்கான அந்தச் செய்முறை இதுதான். முதலில் கறுப்பு ஸ்பிரே, இது பிரைமர். அது காய்ந்ததும் மக்ராக் ப்ளூ, மெல்லிசாக இரண்டு கோட். அடுத்து நல்ன் ஆயில். பெயர்தான் ஆயில், உண்மையில் தண்ணீர் போல ஓடும் கறுப்புச் சாயம். பூசினால் அதுவே பள்ளங்களில் போய்த் தேங்கி நிழலாகிவிடும். நன்றாகக் காய விட்டு, பள்ளத்தைத் தொடாமல் மேட்டில் மட்டும் கால்கர் ப்ளூ. கடைசியாக விளிம்புகளில் மட்டும் ஃபென்ரிசியன் கிரே, ஒரு மயிரிழை. ஐந்து படி, முடிந்தது. இரும்பு வேண்டுமா? லெட்பெல்ச்சர், அதே நல்ன் ஆயில், முனையில் ஸ்டார்ம்ஹோஸ்ட் சில்வர். மூன்றே படி.

நிழலையும் வெளிச்சத்தையும் நாம் ஏன் பூச வேண்டும்? இவ்வளவு சின்ன உருவத்தில் அறை வெளிச்சம் போதிய நிழலை உண்டாக்காது. மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே நீலக் கட்டியாகத் தெரியும். அதனால் நிழலைக் கொஞ்சம் மிகைப்படுத்துகிறோம். நாடக மேடையில் அரிதாரம் போடுவதுபோலத்தான்.

முதல் பொம்மையில் சீட்டை மதிக்காமல் வண்ணத்தைக் குப்பியிலிருந்து அப்படியே எடுத்து அப்பினேன். பஜ்ஜி மாவில் முக்கி எடுத்த மாதிரி ஆகிவிட்டது! தண்ணீர் கலந்து, பால் பதத்துக்கு வந்த பிறகுதான் பூச வேண்டும். நடுக்கத்துக்கும் வழி உண்டு. முழங்கை இரண்டையும் மேசையில் ஊன்றி, மணிக்கட்டு இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்துக்கொண்டால் கை ஆடினாலும் பொம்மையும் தூரிகையும் சேர்ந்தே ஆடும், கோடு கோணாது. நம் ஃபிட்டிங் ஷாப்பில் அரம் பிடிக்கும்போது "நிலையா நில்லுடா" என்று சார் கத்துவாரே, அதேதான். நான் ராவிய 'வி' ஜாயின்ட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இதுல பஸ்ஸே போகும்" என்று அவர் தூக்கிப் போட்டதை இங்கே பலர் மறந்திருக்க மாட்டீர்கள்.

நடுவில் ஒருநாள் வெறுத்துப்போய்ப் பெட்டியை மூடிவிட்டேன். அப்போது அந்தப் பெரியவர் மைக்கேல் பெர்ரியைப் பற்றிச் சொன்னார். இந்தச் சிப்பாய்களைச் செதுக்குவதில் பெயர்பெற்ற இரட்டையர்களில் ஒருவர். 1996-இல் பிரான்சில் ஒரு பழங்காலப் போரை நடித்துக் காட்டும்போது பீரங்கி விபத்தில் வலது கையை இழந்தார். இடது கையால் செதுக்கப் பழகி, இன்றும் அந்தத் தொழிலில்தான் இருக்கிறார். எனக்கு ஒரு விரல்தானே! மறுபடி பெட்டியைத் திறந்தேன்.

பத்துச் சிப்பாய்க்கு எட்டு மாதம் ஆயிற்று. வரிசையாக நிறுத்தி மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஏங்க, எல்லாரும் வெள்ளைக்காரனாவே இருக்காங்க?" என்றாள். அதற்குச் சீட்டில் செய்முறை இல்லை. நானே தேடினேன். ரைனாக்ஸ் ஹைட் என்ற அடர்பழுப்பு அடியில். மேட்டில் மோர்ன்ஃபாங் பிரவுன். மூக்கு நுனியிலும் கன்னத்திலும் அதோடு கேடியன் ஃப்ளெஷ்டோன் ஒரு துளி கலந்து. பதினோராவது சிப்பாய்க்கு நம்ம ஊர் முகம் வந்தது. அந்தச் செய்முறையை எழுதிப் பெரியவரிடம் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

விரல் இன்றும் முழுசாக மடங்காது, முக்கால்தான். பொத்தான் போடுகிறேன், கையெழுத்தும் என்னுடையதாகிவிட்டது.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். கை மேல் நம்பிக்கை இல்லாத நாட்களில் என்னைக் காப்பாற்றியது "முயற்சி திருவினையாக்கும்" என்ற அறிவுரை அல்ல. அடுத்து எந்தக் குப்பி என்று எழுதியிருந்த துண்டுச் சீட்டுதான். நம் ஜூனியர் பிள்ளைகள் கேட்டால் நாமும் "கஷ்டப்பட்டுப் படிப்பா" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். அது செய்முறை ஆகாது. எந்த வேலைக்கு எப்படி விண்ணப்பித்தோம், நேர்முகத்தில் எங்கே உளறினோம், முதல் வருடம் என்ன தப்புச் செய்தோம் என்று ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுப்போம். சங்கம் அதைத் தொகுத்து இறுதியாண்டு வகுப்பில் கொடுக்கட்டும். என் பக்கத்தை இன்றே செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். முதல் வரி கையுறையைப் பற்றியது.

வாசலில் ஒரு மேசை போட்டு இருபது சிப்பாய்களும் வண்ணங்களும் வைத்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டு வாருங்கள். கை கழுவிவிட்டு வாருங்கள்.