நாவும் நடுவுநிலையும்

சுவைத்தல் உயிர்கள் யாவற்றுக்கும் இயல்பு. சுவைத்ததைச் சீர்தூக்கி, "இது முதலாவது, இது மூன்றாவது" என்று பிறர் ஏற்கும்படி தீர்ப்புக் கூறுதலோ மிகச் சிலர்க்கே உரிய தொழில். மேனாடுகளிலே திராட்சை மதுவுக்கென ஆண்டுதோறும் போட்டிகள் நிகழ்கின்றன. வட்டாரம் வட்டாரமாக மதுவகைகள் வரிசையில் வைக்கப்படும். நிபுணர்கள் கூடிப் பொற்பதக்கமும் வெள்ளிப்பதக்கமும் வழங்குவர். பதக்கம் பெற்ற போத்தலுக்கு விலை உயரும். பெறாத உழவனின் ஓராண்டு உழைப்பு கவனிப்பாரற்றுக் கிடக்கும். ஆகவே அந்த நாவின் தீர்ப்பு நம்பத்தக்கதுதானா என்பது குடிப்போர்க்கு மட்டும் உரிய வினா அன்று. உழைப்பின் பயனை யார், எவ்வாறு மதிப்பிடுவது என்னும் பொதுவினாவே அது. பனையைச் செல்வமாகக் கொண்ட புங்குடுதீவு போன்ற ஊர்களுக்கும் அவ்வினா உரியதாகும்.

திருக்குறளின் 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமையாக இருக்க, மதுவைப் பற்றிப் பேசுவது தகுமோ என்று ஒருவர் கேட்கலாம். அதே நூலின் 12ஆம் அதிகாரம் நடுவு நிலைமை என்பதை அவர் நினைவுகொள்வாராக. இங்கே ஆராயப்படுவது குடியின் இன்பம் அன்று, துலாக்கோலின் நேர்மையே.

போட்டியின் முறை இதுவாகும். போத்தலின் பெயர்ச்சீட்டை மறைத்து, கண்ணாடிக் குவளைகளிலே சிறிதளவு மதுவை வார்ப்பர். குவளைக்கு எண் உண்டு, பெயர் இல்லை. நடுவர் முதலில் நிறத்தையும் தெளிவையும் நோக்குவார். அடுத்து, குவளையைச் சுழற்றி மணத்தை முகர்வார். அதன்பின் ஒரு மிடறு வாயில் ஏந்தி, நாவெங்கும் பரவவிட்டு, விழுங்காமல் உமிழ்ந்துவிடுவார். விழுங்கினால் பத்தாவது குவளைக்குள் நடுவர் நடுவராக இரார் அன்றோ? இனிப்பு, புளிப்பு, துவர்ப்பு, மணம், வாயிலே சுவை நிலைக்கும் நேரம் ஆகியவற்றை நோக்கி 20 புள்ளிகளுக்கோ 100 புள்ளிகளுக்கோ மதிப்பிடுவார்.

பெயரை மறைத்தலின் வலிமையை உலகுக்கு உணர்த்திய நாள் 1976ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள். பாரிசு நகரிலே மதுக்கடை நடத்திய ஸ்டீவன் ஸ்பரியர் என்னும் ஆங்கிலேயர், பிரான்சு நாட்டின் புகழ்பெற்ற மதுவகைகளோடு கலிபோர்னிய மதுவகைகளையும் பெயர் மறைத்து வைத்தார். தீர்ப்புக் கூறியோர் பிரெஞ்சு நிபுணர் ஒன்பதின்மர். பிரெஞ்சு மதுவே வெல்லும் என்பதில் அங்கிருந்த எவர்க்கும் ஐயம் இருக்கவில்லை. முடிவோ வேறாயிற்று. வெண்மதுவிலே சற்றோ மொன்றெலீனாவும், செம்மதுவிலே ஸ்டாக்ஸ் லீப்பும் முதலிடம் பெற்றன. இரண்டும் 1973ஆம் ஆண்டின் கலிபோர்னிய விளைச்சல்கள். நடுவர் ஒருவர் தம் புள்ளித்தாளைத் திருப்பித் தருமாறு கேட்டார் என்பர். நூற்றாண்டுகளாய் வளர்ந்த பெயரை மறைத்தவுடன், புதியவர்க்கும் நீதி கிடைத்தது.

பெயரை மறைத்துவிட்டாற் போதுமா? போதாது என்பதைப் பின்வந்த ஆராய்ச்சிகள் காட்டின. 2001ஆம் ஆண்டிலே வெளிவந்த பிரெஞ்சு ஆய்வொன்றில், மதுவியல் பயிலும் மாணவர் 54 பேருக்கு மணமற்ற சிவப்புச் சாயம் கலந்த வெண்மது கொடுக்கப்பட்டது. அவர்கள் அதன் மணத்தை விவரிக்கையில் செம்மதுவுக்குரிய சொற்களையே எடுத்தாண்டனர். மூக்கு கூற வேண்டிய சான்றைக் கண்ணே கூறிவிட்டது.

இதனினும் கடுமையான சோதனையை நடத்தியவர் றொபேட் ஹொட்சன் என்னும் கலிபோர்னியர். அவர் ஓய்வுபெற்ற பேராசிரியர்; தாமே மது வடிப்பவருங்கூட. தம் மது ஓரிடத்திலே பொற்பதக்கம் பெற, வேறோரிடத்திலே ஒன்றுமே பெறாது போவதைக் கண்டு வியந்த அவர், 2005ஆம் ஆண்டு முதல் கலிபோர்னிய மாநிலக் கண்காட்சியின் நடுவர்களைச் சோதித்தார். ஒரே போத்தலிலிருந்து வார்த்த மதுவை, ஒரே அமர்விலே, அவர்கள் அறியாமல் மும்முறை வைத்தார். பத்தில் ஒரு பங்கினரே மூன்று முறையும் ஒத்த தரத்தை வழங்கினர். ஏனையோருள் ஒரே மதுவை ஒருமுறை உயர்த்தி மறுமுறை தள்ளியவரும் இருந்தனர். அமெரிக்காவின் 13 போட்டிகளை ஒப்புநோக்கிய அவரது மற்றோர் ஆய்வும் உண்டு. மூன்றுக்கு மேற்பட்ட போட்டிகளிற் கலந்துகொண்ட 2,440 மதுவகைகளுள் 47 சதவீதம் எங்கோ ஓரிடத்திற் பொற்பதக்கம் பெற்றிருந்தன. அவ்வாறு பொன் பெற்றவற்றுள் 84 சதவீதம் வேறொரு போட்டியில் எதுவுமே பெறவில்லை.

இதனால் நிபுணத்துவம் என்பதே பொய் என்று முடிவுகட்டுதல் அவசரமாகும். நா களைக்கும், முன்னைக் குவளையின் சுவை பின்னைக் குவளையின்மேற் படியும். நிபுணன் பொய்யன் அல்லன். அவனும் மனிதனே என்பதையே இந்த எண்கள் காட்டுகின்றன. பயிற்சியும் திருத்தமும் இடைவிடாது கிடைப்பின் நா கூர்மையடையும் என்பதற்கு இலங்கையின் தேயிலைச் சுவைஞர் சான்றாவர். கொழும்பிலே தேயிலை ஏலம் 1883ஆம் ஆண்டு தொடங்கியது. அங்கே சுவைஞர் வரிசையாக வைத்த சாயத்தைக் கரண்டியால் ஒலியெழ உறிஞ்சி உமிழ்ந்து மதிப்பிடுவர். அவர்களின் மதிப்பீடு ஏலத்தில் விலையோடு ஒப்பிடப்படுகின்றது. தவறினால் தவறு உடனே தெரிந்துவிடும். பதக்கம் வழங்கிவிட்டு வீடு செல்லும் நடுவர்க்கு அந்த ஆசான் இல்லை.

இனிப் பனைக்கு வருவோம். புங்குடுதீவு நெல்வயலாற் செழித்த ஊர் அன்று. உவர்நீரும் கல்லும் மலிந்த அம்மண்ணிலே பனையே கற்பகமாய் நின்றது. பாளையைச் சீவி முட்டி கட்டினால் வடிவது இனிய சாறு. முட்டியின் உட்புறத்திலே சுண்ணாம்பு தடவினால் அது புளியாது கருப்பநீர் ஆகும். காய்ச்சினால் பனங்கட்டி ஆகும். சுண்ணாம்பு இல்லையேல் காற்றிலும் முட்டியிலும் வாழும் நொதியுயிர்கள் சாற்றைக் கள்ளாக்கிவிடும். கள்ளிலே மதுசாரம் நூற்றுக்கு ஏறக்குறைய 5 பங்கு. திராட்சை மது ஆண்டுக்கணக்கிலே காத்திருக்கும். கள்ளோ ஒருநாள் கழிந்தால் காடியை நோக்கிச் செல்லும். ஆகவே கள்ளின் நடுவர் விரைவாகத் தீர்ப்புக் கூறவேண்டியவர்.

அந்நடுவர் யார்? சீவற்றொழிலாளியே. முட்டியை இறக்கியவுடன் நுரையைக் கண்டு, மணத்தை முகர்ந்து, எந்த மரத்தின் சாறு எத்தன்மைத்து என்று அவர் கூறுவார். சுண்ணாம்பு மிகுந்ததா குறைந்ததா என்பதைக் கருப்பநீரின் ஒரு துளி அவருக்குச் சொல்லிவிடும். நீரும் சீனியும் கலந்த கள்ளை அவர் நாவிடம் மறைக்க இயலாது. அவர் தவறினால் அன்றே பனங்கட்டி இறுகாது. அன்றே வாங்குவோர் முகம் சுளிப்பர். தேயிலைச் சுவைஞர்க்கு ஏலம் எவ்வாறோ, அவ்வாறே அவர்க்கு அன்றாடத் தொழில் ஆசானாயிற்று. எனினும் அவரை நிபுணர் என்று அழைத்தோர் இலர். அவர் கையால் இறக்கியதைக் குடித்த சமுதாயமே அவரைக் கோயில் வாயிலுக்குப் புறம்பே நிறுத்தியது. மாவிட்டபுரத்திலே 1968ஆம் ஆண்டு ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட்டம் நிகழ வேண்டியிருந்தமை யாழ்ப்பாணத்து வரலாறு. பெயர்ச்சீட்டைக் கண்டு மதுவை மதிப்பதும், பிறப்பைக் கண்டு மனிதனை மதிப்பதும் ஒரே பிழையின் இரு வடிவங்கள் அல்லவா?

பனைத்தொழிலுக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. 1978இல் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. 1990களின் தொடக்கத்திலே போரினால் புங்குடுதீவு மக்களிற் பெரும்பாலார் இடம்பெயர்ந்தனர். பலர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் குடியேறினர். பனங்கட்டியும் ஒடியலும் போத்தலில் அடைத்த கள்ளும் அவர்களைத் தேடிக் கடல் கடக்கின்றன. முன்னாளிலே வாங்குபவர் மரத்தடியிலே நின்று சுவைத்தார். இன்று அவர் பெயர்ச்சீட்டை மட்டுமே காண்கின்றார். கரும்புச்சீனி கலந்த கட்டியும் பனங்கட்டி என்னும் பெயரோடு சந்தையில் நிற்கக்கூடும். நேர்மையான தீர்ப்பு இல்லையேல் மெய்யான உழைப்பாளியே முதலில் தோற்பார்.

தீவகத்துப் பனைப்பொருள்களுக்கு ஒரு போட்டி ஏற்படுமாயின், மேனாட்டாரின் வெற்றியிலிருந்தும் பிழையிலிருந்தும் கற்பதற்கு இடமுண்டு. கருப்பநீர், பனங்கட்டி, பனாட்டு, ஒடியல் என்னும் மதுவல்லாத பொருள்களே அதிலே முதன்மை பெறலாம். செய்தவர் பெயரும் ஊரும் மறைக்கப்படல் வேண்டும். ஒரே பொருளை இருமுறை மும்முறை ஒளித்துவைத்து நடுவரையும் சோதித்தல் வேண்டும். ஒவ்வொருவரும் பிறரோடு பேசுமுன் தம் புள்ளியை எழுதிவிடல் வேண்டும். சீனியின் அளவு, சுண்ணாம்பின் அளவு போன்றவற்றை ஆய்வுகூடத்துக்கு விட்டுவிடலாம். நாவாற் மட்டுமே அறியக்கூடியதை நாவுக்கு விடலாம். தோற்றவர்க்கு ஏன் தோற்றார் என்பதை விளக்கிக் கூறல் வேண்டும். அப்பொழுதுதான் அடுத்த பருவத்திலே அவர் திருந்துவார். எல்லாவற்றுக்கும் மேலாக, நடுவர் இருக்கைகளிற் பாதியேனும் பனையேறி வளர்ந்தவர்க்கு உரியதாகட்டும்.

அங்கே பட்டம் பெற்ற ஆய்வாளரும் பாளைக்கத்தி பிடித்த முதியவரும் அருகருகே அமர்ந்து, ஒரே கருப்பநீரைச் சுவைத்து, தனித்தனியே புள்ளியிடுவார்களாக. இருவர் தாள்களையும் ஊரார் முன்னிலையில் ஒப்புநோக்கினால், யார் நா நம்பத்தக்கது என்பது தானே விளங்கும்.