எடையும் உணவுக் கணக்கும்

(சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உடல்நலம் பற்றிச் சில சொல்லுமாறு எம்மைப் பணித்தீர்கள். தமிழாசிரியனுக்கு மருத்துவத்தில் என்ன வேலை எனச் சிலர் ஐயுறலாம். திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் பெரும்பகுதியை உணவின் அளவுக்கே ஒதுக்கினார். அவர் நூலைக் கற்பிப்போர் அளவைப் பற்றிப் பேசுதல் தகாததன்று எனக் கருதுகின்றோம். யாம் சொல்லப் புகுவது ஒன்றே. உடல் எடையைக் குறைக்க முயல்வோர், எடை குறையுந்தோறும் தம் நாளுணவின் அளவை மீண்டும் கணக்கிடல் வேண்டும் என்பதே அது.

நம் நாட்டில் நீரிழிவுடையோர் ஏறத்தாழ 10 கோடியே 10 லட்சம் பேர் என, 2023ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு பேராய்வு மதிப்பிட்டது. மிகுந்த எடை அந்நோய்க்குரிய பெருங்காரணங்களுள் ஒன்று. ஆதலின் பலர் மருத்துவர் சொற்கேட்டு உணவைக் குறைக்கின்றனர். முதலிரண்டு திங்களில் எடை விரைந்து இறங்குகின்றது. பின்னர் மெல்ல இறங்குகின்றது. ஒருநாள் நின்றும் விடுகின்றது. அப்பொழுது ஒரு சாரார், ‘நம் உடல்வாகு இதுதான்’ என மனஞ்சோர்ந்து பழைய உண்டிக்கே மீள்கின்றனர். மற்றொரு சாரார் பட்டினி கிடக்கத் துணிகின்றனர். வீட்டிலுள்ளாரோ, ‘இவர் ஒளித்துத் தின்கிறார்’ என்று பழி கூறுகின்றனர். இம்மூவரும் கணக்கின் இயல்பை அறியாதவரே.

உணவு தரும் ஆற்றலைக் கலோரி என்னும் அளவையால் அளப்பர். மாவுப்பொருளும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி தரும். கொழுப்பு 9 தரும். நம் நாட்டு உணவுகளின் சத்தினை ஆய்ந்து, குன்னூரிலிருந்த ஆராய்ச்சி நிலையத்தின் தலைவர் அய்க்ராய்டு என்பார் 1937இல் ஓர் அட்டவணை வெளியிட்டார். அந்நிலையம் 1958இல் ஐதராபாத்துக்குச் சென்று, இப்பொழுது தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகின்றது. அத்தகைய அட்டவணைகளே இன்றும் நம் உணவுக் கணக்கிற்கு அடிப்படை.

வட்டித்தொழில் அறிந்த நமக்கு இக்கணக்கு அரிதன்று. உண்பது வரவு, உடல் இயங்குதல் செலவு, தங்கிய கொழுப்பு இருப்பு. வரவினும் செலவு மிகுமாயின் இருப்புக் கரையும். ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு. அசல் குறையக் குறைய வட்டி குறைவதுபோல, உடல் சிறுக்கச் சிறுக்க அதன் செலவும் சிறுக்கும். பெரிய உடலைத் தாங்கவும் நடத்தவும் வேண்டிய ஆற்றல் சிறிய உடலுக்கு வேண்டுவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். நாற்பத்தைந்து வயதும் 165 சென்டிமீட்டர் உயரமும் 85 கிலோ எடையும் உடைய ஒருவர், கடையில் அமர்ந்து தொழில் செய்பவர் எனக் கொள்வோம். 1990இல் மிப்ளின் முதலியோர் வகுத்த வாய்பாட்டின்படி, அவர் வாளா கிடப்பினும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,660 கலோரி செலவாகும். சிறு நடமாட்டத்தையும் சேர்ப்பின் 2,330 ஆகும். அவர் 1,850 கலோரி உண்பாராயின் நாள்தோறும் 480 கலோரி இருப்பிலிருந்து கழியும். அவர் 10 கிலோ குறைந்து 75 கிலோ ஆனபின் செலவு 2,190 ஆகிவிடும். அதே 1,850 உண்டால் கழிவது 340 மட்டுமே. அவர் நெறி தவறவில்லை, கணக்குத்தான் பழையதாயிற்று.

இதனினும் ஒன்று உண்டு. உணவு குறைந்தவிடத்து உடல் தானாகவே சிக்கனம் பிடிக்கும். 1944, 1945ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பார், தாமே முன்வந்த 36 இளைஞரை இருபத்துநான்கு வாரம் அரைப்பட்டினி வைத்து ஆராய்ந்தார். எடை நாலில் ஒரு பங்கு குறைந்தது. வாளா கிடக்கும்போது ஆகும் செலவோ நூற்றுக்கு நாற்பது அளவு குறைந்தது. அவ்விளைஞர் வலிமை குன்றி, மனந்தளர்ந்து, எப்பொழுதும் உணவையே நினைந்திருந்தனர். ஆகவே எடை நின்றவிடத்துப் பட்டினி தீர்வன்று. அளவறிந்த சிறு மாற்றமே தீர்வாகும்.

பர்மாவில் தொழில் புரிந்த நம் முன்னோர் இரங்கூன் முகல் தெருக் கோயிலில் திங்கள்தோறும் கூடி நடப்பு வட்டியை வரையறுத்தனர். சென்ற மாத வட்டியே என்றும் நிற்கும் என அவர்கள் கருதவில்லை. உணவுக்கும் அத்தகைய நடப்புக் கணக்கு வேண்டும். காலையில் வெறுவயிற்றில் எடை பார்த்து எழுதுக. உப்பும் நீரும் ஒருநாள் எடையை ஏற்றியிறக்குமாதலின், ஏழு நாட் சராசரியையே நம்புக. மூன்று நான்கு வாரம் சராசரி அசையாதிருப்பின், முதற்கண் எழுதாது விட்ட எண்ணெயையும், விருந்தில் உண்ட கந்தரப்பத்தையும் பணியாரத்தையும் கணக்கிற் சேர்க்க. அதன் பின்னும் அசையாதாயின் அளவை மாற்றுக. நாலைந்து கிலோ குறையுந்தோறும் புதுக்கணக்கு எழுதுதல் நன்று.

மாற்றம் எத்துணை? மேற்சொன்னவருக்கு 140 கலோரியே. அது சமைக்காத அரிசியில் 40 கிராம். எண்ணெயில் 15 கிராம். உணவைக் குறைக்க மனமில்லாதவர் நடையைக் கூட்டலாம். பருப்பு, மோர், முட்டை, மீன் ஆகியவற்றைக் குறைத்தல் கூடாது; தசை கரையுமாயின் செலவு இன்னும் சுருங்கும். ஆடவர் 1,500க்கும் மகளிர் 1,200க்கும் கீழே மருத்துவரைக் கேளாது இறங்குதல் கூடாது. நீரிழிவுக்கு மருந்துண்போர் ஒன்றை மறவாதிருப்பாராக. உணவும் எடையும் குறைந்தபின் பழைய அளவு மருந்தே இரத்தச் சர்க்கரையை அபாயமான அளவிற்குத் தாழ்த்திவிடக்கூடும். ஆதலின் உணவுக் கணக்கோடு மருந்துக் கணக்கையும் மருத்துவரிடம் காட்டுக. கருவுற்ற மகளிர்க்கும் வளரும் பிள்ளைகட்கும் இம்முறை உரியதன்று.

இறுதியாக ஒன்று. அவர் 68 கிலோவை எய்திவிட்டால் அவ்வெடையில் நிற்க ஏறத்தாழ 2,090 கலோரி போதும். இனிக் குறைக்கவேண்டுவதில்லை; உணவைச் சிறிது கூட்டவும் செய்யலாம். ஆனால் 85 கிலோவைத் தாங்கிய 2,330 இனி அவருக்கு உரியதன்று. நோன்பு முடிந்ததென்று பழைய இலையில் அமர்வாராயின் பழைய எடையும் உடன் வந்தமரும். வாய்பாடு தருவது மதிப்பீடே. ஆளுக்கு ஆள் வேறுபடும். அவரவர் எடைநோட்டே மெய்க்கணக்கு.

எடை நின்றுவிட்ட ஒருவர் நும் இல்லத்தில் இருப்பின், அவரைப் பழித்தல் ஒழிக. அவருடன் அமர்ந்து ஏட்டைப் புரட்டிக் கணக்கைப் புதிதாக எழுதுக. யாம் வேண்டுவது இதுவே.