நாவல்களைப் படிப்பதும் மதிப்பிடுவதும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கத்து நூலகத்தில் நாவல்களே மிகுதி. அன்பர்கள் விரும்பி எடுத்துச் செல்வனவும் அவையே. ஆதலின், பலவகை நாவல்களைப் படித்து மதிப்பிடுவது பற்றிச் சில சொல்ல விழைகின்றேன். நான் செய்த ஒரு பிழையிலிருந்தே தொடங்குவது முறையாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் வாசகர் கூட்டத்தில் ஓர் இளைஞர் துப்பறியும் நாவலொன்றைப் பற்றி ஆர்வத்தோடு பேசினார். இவ்வூரிலேயே பிறந்து, பள்ளியில் தமிழ் கற்கும் வாய்ப்பின்றி, தாயாரிடம் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியவர் அவர். அவரையடுத்து எழுந்த நான், “இதில் இலக்கியம் எங்கே இருக்கிறது?” என்று வினவினேன். அவையோர் நகைத்தனர். அவர் அதன்பின் கூட்டத்திற்கு வரவில்லை. அந்நூலை நான் படித்ததே இல்லை என்பதை அன்று எவரும் அறியார்.

முன்னாளில் நெல்லை மரக்காலால் அளந்தனர். துணியை முழத்தால் அளந்தனர். பொன்னைத் தராசில் நிறுக்கிறோம். மரக்காலைக் கொண்டு பொன்னை அளக்கப் புகுவோன் பொன்னையும் அறியான், மரக்காலையும் அறியான். நாவல்களும் அத்தகையனவே. 1879இல் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளிவந்தது முதல் இன்றுவரை, தமிழ் நாவல் பல கிளைகளாகப் பிரிந்து வளர்ந்துள்ளது. ஒவ்வொன்றிடமும் கேட்க வேண்டிய கேள்வி வேறு.

கல்கி 1950 முதல் 1954 வரை தம் வார இதழில் எழுதிய ‘பொன்னியின் செல்வ’னை எடுத்துக்கொள்வோம். வல்லவரையர் வந்தியத்தேவர் என்னும் பெயர் குந்தவையாரின் கணவர் என்ற அளவில் கல்வெட்டிலே நிற்கிறது. அப்பெயருக்கு உயிரும் உருவும் குறும்பும் அளித்தது கல்கியின் கற்பனை. நந்தினியோ முற்றிலும் அவர் படைப்பு. கல்வெட்டு எங்கே நிற்கிறது, கற்பனை எங்கே தொடங்குகிறது, அவ்விரண்டும் பொருந்துகின்றனவா என்பவையே சரித்திர நாவலிடம் கேட்கத்தக்கவை.

அதே கேள்விகளை ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மா’ளிடம் கேட்டால் விடை கிடைக்குமா? 1942இல் வெளியான அச்சிறிய நாவலில் அரசர் இல்லை, மாளிகை இல்லை. கணவனை இழந்த ஒரு கொங்கு நாட்டுப் பெண் நிலத்தில் தன் பங்கைக் கேட்கிறாள். அக்கேள்வி கொலையில் போய் முடிகிறது. மண்ணும் பேச்சும் மனித உறவுகளும் உள்ளபடி அமைந்துள்ளனவா என்பதே அங்கு அளவுகோல்.

அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ (1977) நம்மைப் போன்றோர்க்கு இன்னும் நெருக்கமானது. நாடு விடுதலை பெற்ற காலத்தில், நிஜாம் ஆட்சியின்கீழ் இருந்த செகந்திராபாத்தில் வளரும் தமிழ்ச் சிறுவனின் கதை அது. பிறமொழியாளரிடையே வாழ்பவன் அடையும் நட்பையும் அச்சத்தையும் அந்நூலில் காணும்போது, இது மெய்யா என்று சோதிக்கும் தகுதி நமக்கே சிறப்பாக உண்டு.

துப்பறியும் நாவலுக்கும் ஓர் அறம் உண்டு. துப்புகளை மறைக்காமல் வாசகர் கண்முன்னே வைத்தாரா, முடிவு அவற்றிலிருந்து பிறந்ததா என்று அங்கே கேட்க வேண்டும். ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் எழுதிய நாவல்களால் தமிழ் படிக்கும் பழக்கம் பெற்றோர் பலர் என்பதை மறத்தலாகாது.

அங்ஙனமாயின் எல்லா நாவலும் நல்லவையே என்பது பொருளா? அன்று. வெறும் புகழுரை மதிப்புரையாகாது. வெகுஜனங்கள் விரும்பிய எழுத்தைக் கடுமையாக மறுத்தவர் க.நா.சுப்ரமண்யம். பின்னாளில் தில்லியில் பல்லாண்டுகள் வாழ்ந்த அவர், நட் ஹாம்சனின் நார்வே நாட்டு நாவலை ‘நிலவளம்’ என்னும் பெயரில் தமிழாக்கியவர். அவருடைய முடிவுகளை ஏற்காதோரும் அவருடைய படிப்பின் அகலத்தை மறுக்கவியலாது. கடுமை காட்டும் உரிமை அந்த அகலத்தால் வருவது. எனக்கு அன்று கடுமை இருந்தது, படிப்பு இல்லை.

அவ்விளைஞரை அண்மையில் அவர் இல்லத்திற்கே சென்று கண்டு, என் பிழையைக் கூறினேன். அவர் சினக்கவில்லை. “இப்போதாவது அதைப் படித்தீர்களா, ஐயா?” என்று மட்டும் கேட்டார். படித்திருந்தேன். துப்புகள் நேர்மையாகவே வைக்கப்பட்டிருந்தன. ஆனால் கதைமாந்தர் எல்லோரும் ஒரே குரலில் பேசினர் என்றேன். “அது உண்மைதான்” என்று அவரும் ஒப்புக்கொண்டார். அதன்பின் இருவரும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

அன்பர்களே! நம் நூலகத்தில் ஒரு குறிப்பேடு வைக்க வேண்டுகிறேன். நாவலைத் திருப்பித் தருவோர், அது எதைச் செய்ய முயன்றது, எங்கே வென்றது, எங்கே தவறியது என மூன்று வரி அதில் எழுதட்டும். தமிழ் எழுதத் தயங்கும் நம் பிள்ளைகளும் எழுதட்டும். எழுத்துப் பிழைக்காக எவரும் நகைக்க வேண்டா. முதற்பக்கத்தை நிரப்ப அவ்விளைஞர் இசைந்துள்ளார். அடுத்த பக்கம் என்னுடையது.