மண்ணைத் தூக்கிவிடும் கை எது?



முறத்தில் அரிசி புடைக்கும்போது என்ன நடக்கிறது என்பதை நம் வீட்டுப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உமி பறந்துவிடும்; அரிசி முறத்திலேயே தங்கிவிடும். எடை குறைந்தது பறக்கும், எடை கூடியது தங்கும். அப்படியானால், வெட்டவெளியில் காற்று வீசும்போது தரையிலிருந்து முதலில் கிளம்புவது எது? மாவு போன்ற புழுதிதான் என்று தயங்காமல் சொல்லிவிடுவோம். அந்த விடை சரியன்று என்று சோதனை செய்து காட்டிய ஓர் அறிஞரைப் பற்றி இன்று பார்ப்போம்.

அவர் பெயர் ரால்ப் பேக்னால்ட். 1896-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிறந்தவர். அவர் கல்லூரிப் பேராசிரியர் அல்லர். பிரிட்டிஷ் பட்டாளத்தில் அதிகாரி. எகிப்தில் பணியாற்றிய காலத்தில், விடுமுறை கிடைத்தபோதெல்லாம் நண்பர்களுடன் சாதாரண ஃபோர்டு கார்களில் ஏறிப் பாலைவனத்துக்குள் போய்விடுவார். அங்கே ஒரு காட்சி அவரை வியப்பில் ஆழ்த்தியது. காற்றில் அலையும் மணல் எங்கும் சமமாகப் பரவிக் கிடக்கவில்லை. அது குன்று குன்றாகக் குவிந்திருந்தது. அக்குன்றுகளில் சில, பிறை வடிவம் கலையாமலே மெல்ல மெல்ல நகர்ந்தும் சென்றன. காரணம் என்ன?

1935-இல் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றதும், இந்தக் கேள்விக்கு விடை தேடும் வேலையில் இறங்கினார். லண்டன் இம்பீரியல் கல்லூரியில், பலகையாலும் கண்ணாடியாலும் நீண்ட பெட்டி ஒன்றைத் தாமே அமைத்தார். அதனுள் மணலைப் பரப்பி, விசிறியால் காற்றைச் செலுத்தி, ஒவ்வொரு மணலும் எப்படி நகர்கிறது என்று கண்ணாடி வழியாகக் கவனித்தார்.

மணல் புகைபோல் மிதந்து செல்லவில்லை. தத்தித் தத்திச் சென்றது. ஒரு மணல் துள்ளி எழுகிறது. காற்று அதை முன்னே தள்ளுகிறது. அது கீழே விழும் வேகத்தில் மற்ற மணல்களை மோதி எழுப்புகிறது. அவையும் துள்ளுகின்றன. குவித்து வைத்த கோலிகளின் மேல் ஒரு கோலியை வேகமாக எறிந்தால் நாலாபுறமும் தெறிக்கின்றன அல்லவா? அதுபோலத்தான். காற்றில் நகரும் மணலில் ஏறத்தாழ முக்கால் பங்கு இவ்வாறு துள்ளிச் செல்வது. மீதிக் கால் பங்கு, மோதலால் தரையோடு நகர்ந்து செல்வது என்று அவர் கண்டார்.

அடுத்து, மிக நுண்ணிய சிமெண்டுத் தூளைப் பரப்பிச் சமமாக்கி, அதன்மேல் பலத்த காற்றைச் செலுத்தினார். சிறு கூழாங்கற்களையே நகர்த்தக்கூடிய அந்தக் காற்று, சிமெண்டுத் தூளை அசைக்கவில்லை! நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. தரையை ஒட்டி இருக்கும் மெல்லிய அமைதியான காற்றுக்குள் அவை பதுங்கியும் கிடக்கின்றன. காற்று எளிதில் கிளப்புவது, ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு பருமனுள்ள மெல்லிய மணலைத்தான்.

அப்படியானால் நம் முறம் பொய் சொல்கிறதா? இல்லை. முறத்தில் உமியை மேலே தூக்கிக் கொடுப்பது நம் கை. அதன் பிறகுதான் காற்று அதைக் கொண்டுபோகிறது. நிலத்தில் புழுதியைத் தூக்கிக் கொடுக்கும் கை, துள்ளி விழும் மணல். மணல் மோதியதும் புழுதி கிளம்புகிறது. கிளம்பிய பிறகு அது வானளாவ உயர்ந்து பல நூறு மைல் செல்லும்.

இன்னொன்றும் அவர் கண்டார். பலத்த காற்றின் வேகம் இரு மடங்கானால், அது நகர்த்தும் மணல் இரு மடங்கன்று, ஏறத்தாழ எட்டு மடங்காகிறது. இதையே திருப்பிப் பாருங்கள். தரையருகே காற்றைப் பாதியாகத் தணித்தாலே, மண் இழப்பு மிகப் பெரிய அளவில் குறைந்துவிடும்.

இது எவ்வளவு பெரிய செய்தி என்பது அமெரிக்கக் குடியானவர்களைக் கேட்டால் தெரியும். அங்கே பரந்த புல்வெளிகளை உழுது கோதுமை விதைத்தார்கள். 1930-களில் மழை பொய்த்தது. வேர்ப்பிடிப்பு இழந்த மண்ணைக் காற்று வாரிச் சென்றது. 1935 ஏப்ரல் 14-ஆம் தேதி எழுந்த புழுதிப்புயல் பட்டப்பகலை இருளாக்கியது. அந்த நாளுக்குக் 'கறுப்பு ஞாயிறு' என்றே பெயர். பல்லாயிரம் குடும்பங்கள் வீடு வாசலை விட்டுப் பிழைப்புத் தேடிப் புறப்பட்டன. பறந்து போனது வெறும் தூசி அன்று. பயிருக்கு உணவளிக்கும் மேல்மண்.

பேக்னால்டின் நூல் 1941-இல் வெளிவந்தது. கனடாவிலும் பின்னர் அமெரிக்காவிலும் வில்லியம் செப்பில் என்ற மண்ணியல் அறிஞர், விளைநிலங்களில் இத்தகைய ஆராய்ச்சிகளைத் தொடர்ந்து நடத்தினார். அறுவடைக்குப் பின் தாளை நிலத்திலேயே விட்டுவைப்பது, மண்ணைப் பொடியாக்காமல் கட்டிகளாக வைத்திருப்பது, காற்றுக்குக் குறுக்கே மரவரிசை நடுவது ஆகிய இவை எல்லாம் ஒரே நோக்கம் கொண்டவை: காற்றைத் தணித்து, முதல் துள்ளலைத் தடுப்பது.

நம் நாட்டில் மண்ணைக் கொண்டுபோவது பெரும்பாலும் காற்றன்று, மழைநீர். பேக்னால்டும் பிற்காலத்தில் ஆறுகள் மணலைச் சுமந்து செல்லும் விதத்தை ஆராய்ந்தார். இங்கே தூக்கிவிடும் கை மழைத்துளி. வெறுந்தரையில் அது விழும் வேகத்தில் மண் தெறிக்கிறது. ஓடும் நீர் அதை ஆற்றில் சேர்க்கிறது. ஒரு காலத்தில் மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் ஒரு புல்கூட இல்லாமல் துடைத்து வைப்பதே நல்ல பராமரிப்பு என்று கருதப்பட்டது. மேட்டு நிலங்களில் மேல்மண் கரைந்து போன பிறகே அதன் தீமை புரிந்தது. இளங்கன்றுகளுக்கு இடையே பயற்றினக் கொடிகளைப் படரவிடுவதும், வெட்டிய செம்பனை மட்டைகளை நிரைகளுக்கு நடுவே அடுக்குவதும் மண்ணுக்கு நாம் போர்த்தும் போர்வையாகும்.

பேக்னால்ட் 1990-இல் காலமானார். செவ்வாய்க் கிரகத்தில் உள்ள மணற்குன்றுகளுக்கு இன்று அவர் பெயர் வழங்குகிறது. ஆனால் அவர் கண்ட உண்மை நம் வீட்டுக் கொல்லைக்கும் பொருந்தும். கத்தரியும் வெண்டையும் போடும் பாத்தியில், கூட்டிய சருகைக் கொளுத்திவிடாமல் செடியின் அடியில் பரப்பி வையுங்கள். அடுத்த மழையில் ஓடும் நீரையும், பக்கத்தில் வெறுமனே கிடக்கும் தரையில் ஓடும் நீரையும் பிள்ளைகளைக் கூட்டிவந்து பார்க்கச் சொல்லுங்கள். எந்த நீர் கலங்கியிருக்கிறது என்பதை அவர்களே சொல்லட்டும்.