காவலுக்குக் காவல்: முதல் வகை நீரிழிவும் ஒழுங்காற்றும் டி செல்களும்



இந்த உரையை ஏற்பாடு செய்த அறக்கட்டளையை நிறுவியவர் ஒரு தாய். முதல் வகை நீரிழிவு என்று கண்டுபிடிப்பதற்குள் நாள் கடந்துபோய், ஒன்பது வயது மகளைப் பறிகொடுத்தவர். பேச வருகிறவர் யாராக இருந்தாலும் பெற்றோருக்கு விளங்கும்படி பேச வேண்டும் என்பது அவர் வைத்த ஒரே நிபந்தனை. அதை மனத்தில் வைத்தே பேசுகிறேன்.

குழந்தைகள் பிரிவில் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: “ரெண்டு வாரமா தண்ணி தண்ணின்னு நிக்கிறா டாக்டர். ஆளு பாதியா இளைச்சுட்டா. ராத்திரி பாய நனைச்சுடறா, காலையில பார்த்தா அந்த எடத்துல எறும்பு மொய்க்குது.” மருத்துவ மாணவர்களே, எறும்பைப் பற்றிச் சொல்லும் தாயை, ஒரு சொட்டு ரத்தத்தில் சர்க்கரை பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். நோய் உறுதியானதும் அந்தத் தாய் கேட்கும் அடுத்த கேள்வி: “நான்தான் ஸ்வீட்டாக் குடுத்துக் கெடுத்துட்டேனா?”

இல்லை. அந்த ‘இல்லை’யை விளக்கத்தான் இந்த உரை.

வயிற்றுக்குப் பின்னால் கணையம் கிடக்கிறது. அதனுள் சிறு சிறு தீவுகளைப் போலச் செல் திட்டுகள் இருப்பதை 1869இல் பெர்லினில் மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ் முதலில் விவரித்தார். ஏறத்தாழப் பத்து லட்சம் திட்டுகள். எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தாலும் ஓரிரு கிராம்தான் தேறும். அவற்றில் உள்ள பீட்டா செல்களே இன்சுலினைச் சுரக்கின்றன. வைரஸ் புகுந்த செல்லைக் கொல்ல வேண்டிய டி செல்கள் இந்தப் பீட்டா செல்களைக் கொல்லத் தொடங்குவதுதான் முதல் வகை நீரிழிவு. சாப்பிட்ட மிட்டாய்க்கும் இதற்கும் தொடர்பில்லை.

‘உடம்பே உடம்பைத் தாக்குகிறது’ என்று இதைச் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அது பாதிக் கதையாகவே படுகிறது. தன் உடம்பையே தாக்கக்கூடிய டி செல்கள் இந்த அரங்கில் இருக்கும் எல்லாருடைய ரத்தத்திலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. டி செல்களைப் பயிற்றுவிக்கும் தைமஸ் சுரப்பி, ஆபத்தானவற்றில் பெரும்பகுதியை அழித்துவிடுகிறது. ஆனால் சில தப்பி வெளியே வரத்தான் செய்கின்றன. அவை நம்மிடம் ஏன் சும்மா இருக்கின்றன? நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

விடைக்கு வழி காட்டியது ஒரு விந்தையான சோதனை. பிறந்து மூன்றாம் நாள் சுண்டெலிக் குட்டியின் தைமஸை ஜப்பானிய ஆய்வாளர்கள் அகற்றினார்கள். டி செல் விளையும் இடத்தையே எடுத்துவிட்டால் எதிர்ப்பு குறையத்தானே வேண்டும்? நடந்ததோ தலைகீழ். வளர்ந்த எலிகளின் சினைப்பை, இரைப்பை, தைராய்டு எல்லாம் தன்னெதிர்ப்பால் சிதைந்தன. ஏழாம் நாள் அகற்றினால் இப்படி ஆவதில்லை. அந்தச் சில நாள்களில் தைமஸிலிருந்து ஏதோ புறப்பட்டு வந்து மற்றவற்றை அடக்கி வைக்கிறது என்று இளம் மருத்துவர் ஷிமோன் சகாகுச்சி ஊகித்தார். நல்ல எலியின் முதிர்ந்த டி செல்களைச் செலுத்தியதும் நோய் வராமல் நின்றது.

அப்போது அடக்கும் செல்களைப் பற்றிப் பேசவே பலர் கூசினார்கள். 1970களில் ரிச்சர்ட் கெர்ஷன் முன்வைத்த ‘அடக்கி டி செல்’ கருத்து பெருகி வளர்ந்து, அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட மரபணு சொன்ன இடத்தில் இல்லை என்று தெரிந்ததும் பெயர் கெட்டுப்போயிருந்தது. சகாகுச்சி விடவில்லை. 1995இல், மேற்பரப்பில் சிடி25 என்ற புரதத்தைத் தாங்கிய செல்களே அந்தக் காவலர்கள், அதாவது ஒழுங்காற்றும் டி செல்கள், என்று காட்டினார். இதைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பொறுமையை நினைத்து வியக்கிறேன்.

மறுபக்கம் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் 1940களில் தற்செயலாகப் பிறந்த ஓர் எலி இனம் இருந்தது. தோல் செதிலாகி, மண்ணீரல் வீங்கி, ஆண் குட்டிகள் சில வாரங்களில் செத்தன. மேரி பிரங்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெல்லும் சந்தேகத்துக்குரிய 20 மரபணுக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். கோளாறு இருந்தது கடைசி மரபணுவில். 2001இல் வெளியான அதன் பெயர் ஃபாக்ஸ்பி3. மனிதரில் அதே மரபணு பழுதானால் ஐபெக்ஸ் என்ற நோய் வருகிறது: ஆண் குழந்தைக்கு ஓயாத வயிற்றுப்போக்கு, தோல் அழற்சி, பல நேரம் பிறந்த சில வாரங்களிலேயே நீரிழிவு. இந்த மரபணு பழுதாகி ஒழுங்காற்றும் செல்கள் இல்லாமல் போனால் கணையத்துக்கு என்ன நேரும் என்பதை இந்தக் குழந்தைகளே நமக்குக் காட்டினார்கள். சகாகுச்சி, பிரங்கோவ், ராம்ஸ்டெல் மூவருக்கும் 2025இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

அப்படியானால் நம் பிரிவுக்கு வரும் சிறுமிக்கு இந்தச் செல்கள் குறைவா? எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் குறைவதில்லை; மற்றவர்களுக்கு இருக்கும் அளவே இருக்கின்றன. ஆனால் இவை உயிர் வாழ இன்டர்லூக்கின் 2 என்ற பொருள் வேண்டும். அதைத் தாமே செய்துகொள்ள இவற்றால் முடியாது. எந்தச் செல்களை அடக்க வேண்டுமோ அவற்றிடமிருந்துதான் பெற வேண்டும். நோயாளிகள் பலரிடம் அந்தப் பொருளுக்கு இவை காட்டும் எதிர்வினை மந்தமாக இருக்கிறது. போதாததற்குத் தாக்கும் செல்கள் தடைக்கு அடங்க மறுக்கின்றன. காவலர் இருக்கிறார், குரல் எழும்பவில்லை, எழும்பினாலும் கேட்பாரில்லை.

இந்தக் காவல் செல்களை வெளியே எடுத்துப் பெருக்கித் திருப்பிச் செலுத்தினால் என்ன? போலந்தின் கிடான்ஸ்கிலும் சான் ஃபிரான்சிஸ்கோவிலும் செய்து பார்த்தார்கள். உடல் தாங்கிக்கொண்டது. சான் ஃபிரான்சிஸ்கோவில் 14 பெரியவர்களுக்குச் செலுத்தியதில், சிலருக்கு ஓராண்டு கழித்தும் அந்தச் செல்கள் ரத்தத்தில் தென்பட்டன. பிறகு குழந்தைகளிடம் நடந்த பெரிய சோதனையில் எஞ்சிய இன்சுலின் சுரப்பு காப்பாற்றப்படவில்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு, நம்பிக்கை போகவில்லை. எலிகளில் கணையத் திட்டை மட்டும் அடையாளம் காணும் செல்களைச் செலுத்தியபோது, வந்த நீரிழிவே திரும்பிப் போயிருக்கிறது. ஊர் முழுக்கச் சுற்றும் காவலரை அனுப்பினோம். அந்தத் தெருவை அறிந்தவரை அனுப்ப வேண்டும். ஆய்வுகள் இப்போது அந்தத் திசையில்தான் போகின்றன. இதைக் கேட்டுவிட்டு எந்தப் பெற்றோரும் இன்சுலினை ஒரு வேளைகூட நிறுத்திவிடாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தத் தாய்க்கு இன்னொரு கேள்வியும் இருக்கும். அக்காவின் பக்கத்தில் நிற்கும் எட்டு வயதுத் தம்பியைக் காட்டி, “இவனுக்கும் வருமா?” என்பார். பெரும்பாலும் வராது. வருமானால் தாகம் தொடங்குவதற்குப் பல மாதம், சில நேரம் பல ஆண்டு முன்பே ரத்தத்தில் எதிர்ப்பான்கள் தென்படும். இரண்டு வகை எதிர்ப்பான்கள் இருந்து சர்க்கரையும் சற்றே தடுமாறத் தொடங்கிய நிலையில், டெப்லிசுமாப் என்ற மருந்தைப் பதினான்கு நாள் செலுத்திய சோதனையில், நோய் வெளிப்படும் இடைநிலைக் காலம் சுமார் 24 மாதத்திலிருந்து 48 மாதமாகத் தள்ளிப்போனது. தாக்கும் செல்களைச் சோர்வுறச் செய்து தராசை ஒழுங்காற்றும் செல்களின் பக்கம் சாய்க்கும் மருந்து அது. 2022 நவம்பரில் அமெரிக்கா அதற்கு ஒப்புதல் தந்தது.

வெறும் இரண்டு ஆண்டுதானா என்று கேட்கிறார்கள். நாளுக்கு நான்கு ஊசி போடும் வீட்டில் இரண்டு ஆண்டு என்பது 2,920 ஊசி.