'பார்த்துப் போ' என்றால் போதுமா?



எனக்கு முன் பேசிய நண்பர், பிள்ளையைக் காரில் ஏற்றிப் பள்ளி வாசலில் இறக்கிவிடுவதே பாதுகாப்பு என்றார். அவருடைய அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. தொடக்கநிலை ஆறு வரை காரிலேயே போன பிள்ளை, உயர்நிலை ஒன்றுக்குப் போகும்போது என்ன செய்யும்? 13 வயதில் திடீரென்று தனியாகச் சாலையைக் கடக்க வேண்டும், பேருந்து ஏற வேண்டும். நீச்சல் பழகாத பிள்ளையை ஆழத்தில் இறக்கிவிடுவதும் இதுவும் ஒன்றுதானே!

நடந்து போகும் பிள்ளைக்கு நாம் என்ன சொல்கிறோம்? "பார்த்துப் போ" என்கிறோம். பார்த்தால் மட்டும் போதாது என்பதுதான் உண்மை. தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளால், மணிக்குச் சுமார் 32 கிலோமீட்டருக்கு மேல் வரும் வாகனத்தின் வேகத்தைச் சரியாகக் கணிக்க முடியவில்லை என்று லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே கல்லூரி ஆய்வாளர்கள் 2010இல் தெரிவித்தனர். இது பிள்ளையின் கவனக்குறைவு அல்ல. கண்ணும் மூளையும் இன்னும் முதிரவில்லை, அவ்வளவுதான்.

சிங்கப்பூர்ச் சாலைகளில் பொதுவான வேக வரம்பு 50 கிலோமீட்டர். அதாவது விநாடிக்கு 14 மீட்டர். ஓட்டுநர் பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி ஆனாலும், அதற்குள் மூன்று கார் நீளத்துக்கு வண்டி முன்னே வந்துவிடும். ஆகவே "வண்டி தூரத்தில்தான் இருக்கிறது, ஓடிவிடலாம்" என்று கணக்குப் போடப் பழக்காதீர்கள். "வண்டி நின்ற பிறகு கட" என்று பழக்குங்கள். பச்சை மனிதன் விளக்கு எரிந்தாலும், வலம், இடம், மீண்டும் வலம் பார்த்த பிறகே காலை எடுத்து வைக்க வேண்டும்.

இந்த நாட்டுக்கு இது புதிதல்ல. 1958இலேயே ஷெல் போக்குவரத்து விளையாட்டுகள் தொடங்கின. ஈஸ்ட் கோஸ்ட்டில் உள்ள சாலைப் பாதுகாப்புப் பூங்காவில், சின்னச் சாலைகளில், பாதசாரியாகவும் சைக்கிளோட்டியாகவும் மாறி மாறி மாணவர்கள் பழகினார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பூங்காவில் ஒருநாள் பழகியது, உங்கள் புளோக்கின் கார் நிறுத்துமிட வாசலுக்குப் போதுமா?

நெதர்லாந்தைப் பாருங்கள். 1971இல் மட்டும் அங்கே சாலையில் மாண்டவர்கள் 3,200க்கும் மேல். அவர்களில் 400க்கும் அதிகமானோர் பிள்ளைகள். பெற்றோர்கள் வீதிக்கு வந்து போராடினார்கள். சாலைகளை மாற்றினார்கள், பிள்ளைகளைப் பூட்டி வைக்கவில்லை. இன்று தொடக்கப்பள்ளியின் கடைசி ஆண்டுகளில், பிள்ளைகள் சொந்தச் சைக்கிளில் உண்மையான தெருவில் ஓட்டித் தேர்வு எழுதுகிறார்கள்.

நாம் செய்யக்கூடியது என்ன? பள்ளி விடுமுறையிலேயே தொடங்குங்கள். முதல் வாரம் நீங்கள் கைப்பிடித்துப் பள்ளிக்கு நடந்து காட்டுங்கள். இரண்டாம் வாரம் பிள்ளை முன்னே நடக்கட்டும். தான் பார்ப்பதை வாய்விட்டுச் சொல்லட்டும். மூன்றாம் வாரம் பத்தடி பின்னால் நீங்கள் போங்கள்.

சைக்கிள் என்றால், முதலில் திறந்த வெளியில் பழக்குங்கள். கோணாமல் நேராக ஓட்டியபடியே பின்னால் திரும்பிப் பார்க்க வர வேண்டும். ஒரு கையால் சைகை காட்ட வர வேண்டும். தலைக்கவசம் நெற்றியை மறைக்க வேண்டும். நடைபாதையில் வேக வரம்பு 10 கிலோமீட்டர்தான். நடப்போருக்கு மட்டும் என ஒதுக்கிய பாதையில் 2025 ஜூலை 1 முதல் சைக்கிள் ஓட்டவே கூடாது. சாலையைக் கடக்கும்போது இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே நல்லது.

கடைசியாக ஒன்று. அவசரம் என்று நாம் சிவப்பு விளக்கில் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடினால், அதுவும் ஒரு பாடம்தான். வாய் சொல்வதைப் பிள்ளை மறந்துவிடும், கால் செய்வதை மறக்காது. எனவே, பிள்ளைக்குப் பாதுகாப்பு தருவது கார் அல்ல, பழக்கமே என்று கூறி விடைபெறுகிறேன்.