முடித்தல் என்னும் பாடம்

(நமது மன்றத்தின் ஆண்டு விழாவில் மாணவர் ஒருவர் நிகழ்த்திய பேச்சு)



இம்மேடையில் ஆண்டுதோறும் சமயமும் இலக்கியமும் கற்றுணர்ந்த அறிஞர்கள் பேசியிருக்கின்றனர். மிஷன் பாடசாலையிற் படித்து, இப்பொழுது பல்கலைக்கழகத்திற் பயிலும் மாணவனாகிய நான், அவர்கள் நின்ற இடத்தில் நிற்க அஞ்சுகின்றேன். "உனக்குத் தெரிந்ததைப் பேசு, தம்பி" என்று செயலாளர் சொன்னார். எனக்குத் தெரிந்தது ஒன்றே. சென்ற ஆண்டு நான் ஒரு வேலையை எடுத்தேன். முடித்துவிட்டேன் என்று மகிழ்ந்தேன். முடிக்கவில்லை என்று பின்னர் அறிந்தேன். அதுவே இன்றைய பேச்சு.

கணினிக்கு நிரல் எழுதச் சில மாதங்களிற் கற்பிக்கும் பயிற்சியைப் 'பூட்காம்ப்' என்கின்றனர். அமெரிக்கப் படையிற் புதிதாகச் சேர்ந்தவரைப் பழக்கும் பாசறையின் பெயர் அது. 2011, 2012ஆம் ஆண்டுகளில் அந்நாட்டு நகரங்களில் இவ்வகைப் பள்ளிகள் தோன்றின. சான் பிரான்சிஸ்கோவில் 2012இல் எழுந்த டெவ் பூட்காம்ப் அவற்றுள் முற்பட்டது. 2017 இறுதியில் அது மூடப்பட்டது. எனினும் அம்முறை உலகெங்கும் பரவிவிட்டது. நம் நாட்டிலும் யாழ் ஐ.ரி. ஹப் என்னும் அமைப்பினர் வடபகுதி இளைஞர்க்கு இத்துறையில் வழிகாட்டி வந்திருக்கின்றனர். இப்பயிற்சிகளின் முடிவில் மாணவன் தானே ஒரு மென்பொருளை ஆக்கிச் சபையோர்முன் இயக்கிக் காட்டவேண்டும். நம் முன்னோர் அரங்கேற்றம் என்றது இதனைத்தான்.

இணையவழி நடந்த அத்தகைய பயிற்சி ஒன்றில் நானும் சேர்ந்தேன். சிறுபோக நெல் விற்ற பணத்தில் ஒரு பங்கை அப்பா கட்டணமாகத் தந்தார். உரத்துக்கென்று வைத்திருந்த பணம் அது என்பது எனக்குத் தெரியும். ஆகவே தோற்பதற்கு எனக்கு உரிமை இருக்கவில்லை.

இறுதி வேலையாக நமது மன்ற நூனிலையத்தின் பதிவேட்டைக் கணினியில் அமைக்கத் துணிந்தேன். முதலில் என் ஆசை கடலளவு இருந்தது. புத்தகப் பட்டியல், இரவல் கணக்கு, நினைவூட்டற் செய்தி, வாசகர் கருத்து, படங்கள், விழா அறிவித்தல்கள் என்று பன்னிரண்டு பகுதிகள் எழுதினேன். ஆசிரியர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "இவற்றுள் எது இல்லாவிட்டால் நூனிலையம் நடக்காது?" என்று கேட்டார். இரண்டைக் காட்டினேன்: எந்தப் புத்தகம் உண்டு, அது இப்பொழுது யாரிடம் இருக்கிறது. மற்றப் பத்தையும் அழிக்கச் சொன்னார். மனம் நொந்துதான் அழித்தேன். அழித்திராவிடின் இன்றும் பன்னிரண்டு அரைகுறைகளை வைத்துக்கொண்டிருப்பேன். அகலக் கால் வையாமை என் முதற் பாடம்.

அரங்கேற்ற நாள் வந்தது. கேட்ட புத்தகங்களைக் கணினி கணத்திற் காட்டிற்று. பாராட்டுக் கிடைத்தது, சான்றிதழும் வந்தது. அம்மா அதைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டினார்.

அடுத்த வாரம் அதே மென்பொருளை நமது நூனிலையத்தில் நிறுவினேன். பொறுப்பாளர் ஐயா கண்ணாடியை அணிந்துகொண்டு கணினி முன் அமர்ந்தார். அவ்வேளை ஒரு மாணவி வந்து தொல்காப்பியம் கேட்டாள். ஐயா ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினார். "இல்லை" என்றது கணினி. அவரும் இல்லையென்றார்; பிள்ளை திரும்பிப் போய்விட்டாள். மாலையில் ஐயா அலுமாரியைக் காட்டி, "தம்பி, தொல்காப்பியம் அங்கே நிற்கிறது, உன்னுடைய பெட்டி இல்லையென்கிறதே" என்றார். அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இரண்டு இரவு தேடியபின் குற்றம் அகப்பட்டது. நமது பழைய பட்டியல் பாமினி எழுத்துருவிற் தட்டப்பட்டது. அதை யூனிக்கோடு முறைக்கு நான் மாற்றியபொழுது, 'தொ' என்னும் எழுத்தின் ஒற்றைக் கொம்பும் காலும் இரு வேறு குறிகளாகப் பதிந்துவிட்டன. ஐயாவின் விசைப்பலகையோ அவ்விரண்டையும் சேர்த்து ஒரே குறியாகத் தந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு வேறு வேறு. இரண்டையும் ஒரே வடிவாக்கும் வழி யூனிக்கோட்டிலேயே உண்டு. ஒரு வரி எழுதினாற் போதும். அந்த ஒரு வரியை நான் எழுதவில்லை. எழுத்ததிகாரத்தை முதலாகக் கொண்ட நூல், எழுத்தறியாத என் நிரலாலே மறைந்து நின்றது!

ஒரு குற்றம் அகப்பட்டதும் மற்றவை வரிசையாக வெளிவந்தன. 'மன்றம்' என்பதில் எழுத்து நான்கு என்று நாம் எண்ணுவோம். கணினி புள்ளிகளையும் தனித்தனியே எண்ணி ஆறு என்கிறது. 'கல்வி' முன்னும் 'கற்பு' பின்னும் வருவது நம் அகராதி முறை. கணினி அதனைப் புரட்டி வைத்தது. 1991இல் வெளிவந்த யூனிக்கோட்டின் தமிழ்ப் பகுதி, இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக வகுத்த ஒழுங்கைத் தழுவியது. அதில் றகரம் ரகரத்தின் பக்கத்திலும், னகரம் நகரத்தின் பக்கத்திலும் நிற்கின்றன. தமிழ் வரிசைக்கென்று தனி அட்டவணையும் உண்டு. கேட்டாற் கணினி அதன்படி கொடுக்கும்; கேளாவிடிற் கொடாது. நான் கேட்கவில்லை. ஏனெனில் பயிற்சிக் காலத்தில் நான் சோதித்துப் பார்த்த புத்தகங்களிற் பெரும்பாலானவை ஆங்கிலப் புத்தகங்கள்!

இன்னுமொன்று. அடுத்த தெருவிலுள்ள முஸ்லிம் ஆசிரியர் ஒருவர் நம் நூனிலையத்துப் பழைய வாசகர். அவரைப் பதியும்பொழுது, குடும்பப் பெயரை எழுதாமல் மேலே செல்ல என் மென்பொருள் விடவில்லை. தகப்பனார் பெயரைத் தம் பெயருக்குமுன் வைத்து எழுதுவதே அவர் வழக்கம். நம் வழக்கமும் அதுவே. "எனக்கில்லாத பெயரைக் கேட்கிறீரே" என்று சிரித்தார். இந்த ஊரில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வாழும் நான், ஊருக்காக ஆக்கிய பொருளில் அன்னிய நாட்டுப் படிவத்தை அப்படியே வைத்திருந்தேன்.

நண்பர்களே, இவையெல்லாம் ஏன் அரங்கேற்ற நாளில் தெரியவில்லை? அன்று விசைகளைத் தட்டியவன் நான். எந்தச் சொல்லைத் தேடினால் விடை வரும் என்பதும் எனக்குத் தெரியும். ஐ.பி.எம். நிறுவனத்தின் பெரும் மென்பொருட் பணி ஒன்றை நடத்திய பிரெட் புரூக்ஸ், 1975இல் வெளியிட்ட நூலில் இதனைச் சொல்லியிருக்கின்றார். ஆக்கியோன் தானே இயக்கும் நிரலைவிட, பிறர் எடுத்து இயக்கத்தக்க நிரலுக்குக் குறைந்தது மும்மடங்கு உழைப்பு வேண்டும் என்பது அவர் கணக்கு. நான் ஒரு பங்கு செய்து, மூன்று பங்குக்குரிய மாலையை வாங்கிக்கொண்டேன்.

எஞ்சிய உழைப்பைப் பல்கலைக்கழக விடுமுறையிற் செய்தேன். இம்முறை நான் விசைப்பலகையைத் தொடவில்லை. ஐயாவின் பின்னால் ஒரு நாற்காலி போட்டு அமர்ந்தேன். அவர் எங்கே தயங்கினாரோ அங்கே குறித்தேன். அவர் தயங்கிய இடமெல்லாம் என் பிழை, அவர் பிழையன்று என்று கொள்ளப் பழகுவதற்குச் சில நாட் சென்றன. பயன்படுத்தும் முறையைத் தமிழில் நான்கு பக்கம் எழுதி வைத்தேன். பட்டியலின் படியொன்று வாரந்தோறும் வேறோரிடத்திற் சேரும்படி செய்தேன். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபொழுது ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. மறுபடி இல்லாதவை போனவை போனவையே. 2004ஆம் ஆண்டு மார்கழி 26இல் கடல் நம் கரையோரத்துக்குச் செய்ததை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆகவே பழைய கையெழுத்துப் பதிவேட்டையும் எறியவேண்டாம் என்று ஐயாவிடம் கேட்டுக்கொண்டேன்.

நமக்கு அண்மையிலுள்ள காரைதீவிற் பிறந்தவர் விபுலானந்த அடிகள். அவரும் கல்முனை மிஷன் பாடசாலையிற் படித்தவர். விஞ்ஞானமும் கணிதமும் கற்றவர். பத்தாண்டுக்கு மேலாக ஆராய்ந்து யாழ் நூலை எழுதினார். எழுதியதோடு அமையாது, வழக்கொழிந்த யாழ்களைச் செய்வித்து, இசைவல்லார் கையிற் கொடுத்து ஒலிக்கச் செய்தார். 1947 ஆனியிற் திருக்கொள்ளம்பூதூரில் நூல் அரங்கேறிற்று. ஆடியில் அவர் மறைந்தார். அந்த அரங்கேற்றத்தில் யாழ் பிறர் கையிலிருந்து ஒலித்தது. என் அரங்கேற்றத்தில் எல்லாம் என் கையிலேயே இருந்தது. அப்பெரியாரோடு என்னை ஒப்பிடும் துணிவு எனக்கில்லை. ஆனால் முடித்தல் என்பது என்னவென்று அவரிடமிருந்து கற்கலாம் அல்லவா?

நான் கற்றது இதுவே. செய்தவன் விலகி நின்றபின்னும் ஒரு வேலை நடக்குமானால், அது முடிந்த வேலை. அவன் பக்கத்தில் நின்றால்மட்டும் நடக்குமானால், அது முடியாத வேலை. வரும் மாதம் நான் பல்கலைக்கழகத்துக்குத் திரும்புகின்றேன். ஆதலால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். சனிக்கிழமை மாலையில் இரண்டு தம்பி தங்கைகள் நூனிலையத்துக்கு வாருங்கள். நிரலை உங்களுக்குக் கற்றுத் தந்து, உங்கள் கையில் ஒப்படைத்துவிட்டுப் போக விரும்புகின்றேன். அதிற் பிழை காண்போர் தயங்காது சொல்லுங்கள்.

அந்த மாணவியைத் தேடிச் சென்று தொல்காப்பியத்தைக் கொடுத்துவிட்டேன். இரவல் கணக்கில் அதனைப் பதிந்தவர் ஐயா. நான் பின்னால் நாற்காலியில் இருந்தேன். என்னை அவர் ஒன்றும் கேட்கவில்லை. சட்டமிட்ட சான்றிதழைவிட அதுவே எனக்குப் பெரிதாகத் தோன்றிற்று.